பார்வையிடப்பட்டது

"நூறு யாரோட நூறு, சார்? அதை நான் நேர்ல பாக்கணும்."

சந்தனமாரி இதைக் கேட்டபோது டாக்டர் கனகசபை மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சல் பாதியில் நின்றது. குவளையைத் தட்டில் வைத்தார், சத்தம் வராமல். அகநிலை அறக்கட்டளையின் இயக்குநர் எதையும் சத்தம் வராமல்தான் வைப்பார். அவர் கதவைச் சாத்தினால் காற்று சாத்தியதுபோல் இருக்கும்.

"உட்காருங்க சந்தனா," என்றார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் பெயரில் பாதி வாசலில் கழன்றுவிட்டது. மாரி என்பது இந்த வளாகத்துக்குக் கொஞ்சம் சத்தமான பெயராம்.

"நின்னே கேக்கேன் சார். நாளைக்கு மதியம் பன்னெண்டு மணிக்குள்ள நான் சான்று போடணும். பதினோராவது கட்டத்துல மூல அளவு யார்கிட்ட, எங்க, எந்த நிலையில எடுத்ததுன்னு கேட்டிருக்கு. பாக்காம எப்படி எழுத?"

"முன்னாடி இருந்தவங்க எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்த்தீங்களா?"

"பாத்தேன். எட்டு வருசமும் ஒரே சொல்லு. 'பார்வையிடப்பட்டது.'"

"அழகான சொல் இல்லையா?"

"யாரு பார்வையிட்டான்னு அதுல இல்லையே சார்."

அவர் சிரித்தார். கோபம் வந்தால் சிரிக்க முப்பது வருடம் பயிற்சி எடுத்தவர்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க," என்றார். "அதுவரைக்கும் உங்க உள்ளே கேட்டுப் பாருங்க. இந்தக் கேள்வியைக் கேட்கிறது அறிவா, அகந்தையான்னு."

மாரி தன் உள்ளே கேட்கவில்லை. உள்ளே கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதை இயக்குநர் அறையில் சொல்ல முடியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செல்வின் அண்ணன் எச்சரித்திருந்தார். அளவைப் பிரிவில் அவருக்கு முன்னால் ஆள் கிடையாது. கருவியைத் துடைப்பது முதல் பிரிப்பது வரை எல்லாம் அவர்தான். "இங்கன எதை வேணும்னாலும் கேளு பிள்ள. கக்கூஸ்ல ஏன் தண்ணி வரலன்னு கேளு. கேன்டீன் சாம்பார்ல பருப்பு எங்கன்னு கேளு. அந்த நூறைப் பத்தி மட்டும் கேட்டுராத." மூன்று மாதம் அவளும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆன்மமானி என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. நெற்றியில் கட்டும் ஒரு கறுப்புப் பட்டை, கையடக்கமான ஒரு திரை. ஏழு நிமிடம் உட்கார்ந்தால் சுழியத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண் வரும்; தொடக்கத்தில் யாரிடமோ எடுத்து வைத்த மூல அளவுதான் அந்த நூறு. ஒரு மனிதன் தனக்குள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்பதை அந்த எண் சொல்லும் என்றது அறக்கட்டளை. ஒன்பது வருடத்தில் ஊரும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டது. முதலில் தியானக் கூடங்களில் இருந்தது. பிறகு ஆசிரியர் வேலை நேர்காணலுக்குள் வந்தது. பிறகு ஜாதகத்தோடு சேர்ந்து மஞ்சள் தடவிய கவருக்குள் நுழைந்தது. மாமியார்கள் மருமகளை அளந்தார்கள். மாமியாரையும் அளக்கலாமே என்று கேட்ட மருமகள்கள் பிறந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். எல்லா மதத்தாரும் தங்கள் ஆட்களின் சராசரிதான் உயர்ந்தது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். சுவர் ஒன்றுதான், ஒருவர் மேல் ஒருவர் ஒட்டினார்கள்.

கடைத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வைப்பதுபோல ஆன்மமானிக்கும் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. படித்த அளவையாளர் ஒருவர் சான்றில் கைரேகை வைக்க வேண்டும். வைத்த மறுநொடி அந்தச் சான்று நாலாயிரம் மையங்களிலும் அச்சாகும். கருவிக்குப் பக்கத்தில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டியாக வேண்டும். வைத்ததை அடுத்த வருடம்வரை மாற்ற முடியாது. இந்த வருட அளவையாளர் சந்தனமாரி, கருவியியல் முதுகலை. அவள் வீட்டில் அவளுக்கு முன் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அங்கே வெள்ளையடிக்கப் போனவர்கள்தான்.

கேன்டீனில் செல்வின் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கேட்டுட்டியாம்லா."

"ம்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா பிள்ள."

"எங்கம்மாவுக்கு இருபத்தேழு போட்டிருக்குண்ணே இந்த மிசினு. நம்ம அறக்கட்டளை முகாம்ல அறுபது பேருக்குத்தான் கண்ணு ஆபரேசன். எண்ணு வரிசைல எங்கம்மா முன்னூத்தி பன்னெண்டாவது ஆளு. வலது கண்ணுல புரை முத்திட்டு. ஒரு மாசத்துக்குள்ள எடுக்கலன்னா அந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்லன்னு டாக்டரு சொல்லுதாரு."

"மதுரைக்குக் கூட்டிட்டுப் போயேன். பெரிய ஆஸ்பத்திரில எண்ணெல்லாம் கேக்க மாட்டாவ. டோக்கன்தான்."

"நாலு நாளாவது அங்கன கெடக்கணும். கூட ஆளு வேணும். எனக்கு லீவு எங்க இருக்கு?"

செல்வின் அண்ணன் சாம்பாரைக் கரண்டியால் கிளறினார். பருப்பு கிடைக்கவில்லை.

"இப்ப நீ நூறைப் பாத்தா உங்கம்மா எண்ணு ஏறிருமா?"

"ஏறாது. ஆனா எதை வச்சு எங்கம்மாவ இருபத்தேழுன்னு சொல்லுதாவன்னு தெரிஞ்சிக்கிடணும். ஒரு படி அரிசின்னா படியக் காட்டணும்லா."

உப்பளத்திலும் உப்பு அம்பாரத்திலும் பதினைந்து வயதிலிருந்து வேலை செய்த பொன்னுக்கனி, முத்தையாபுரத்து வீட்டில் சுவரில் சாய்ந்து சம்மணமிட்டு உட்கார முயன்றுகொண்டிருந்தாள். வெள்ளை வெயிலும் வெள்ளை உப்புமாகச் சேர்ந்து முப்பத்தாறு வருடத்தில் கண்ணைத் தின்றிருந்தன. முட்டி மடங்கவில்லை. மடங்காத முட்டியைக் கையால் அமுக்கினாள்.

மாரி பையை வைத்துவிட்டுப் பார்த்தாள். "எம்மா, என்ன செய்யுத?"

"உள்ளமர்வு. சாயங்காலமும் செய்யணும்னு வகுப்புல சொன்னாவல்லா. நெத்திக்கு நடுவுல ஒரு தீபத்தை நெனைக்கணும். பெறவு அந்தத் தீபமே நாந்தான்னு சொல்லிக்கிடணும்."

"வருதா?"

"எங்க? ரேசன் கடைதான் வருது. பாமாயில் போட்டானா போடலயான்னு."

இந்த வகுப்பில் சேர்த்துவிட்டவளே மாரிதான். ஊழியர் வீட்டாருக்குக் கட்டணம் இல்லை. வகுப்புக்கு முன் அம்மாவின் எண் நாற்பத்து நான்கு. நாற்பது நாள் பயிற்சி முடித்துப் பட்டையைக் கட்டினால் இருபத்தேழு. அழுக்கு கலங்குகிறது, கலங்கிய பிறகு தெளியும், இன்னும் நாற்பது நாள் வாருங்கள் என்றார்கள். பொன்னுக்கனி தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல, "நான் ஒழுங்காத்தான் செஞ்சேன் மாரி," என்றாள். மாரிக்கு அன்று வெட்கமாக இருந்தது. அம்மாவின் எண்ணைப் பற்றி அலுவலகத்தில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. நேர்காணலில் அவளுடைய எண் எழுபத்தொன்று. நாலு எழுத்து படித்ததால் வந்தது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புக்காகவும் பிறகு வெட்கப்பட்டாள்.

"ஒண்ணு கேக்கேன் மாரி," என்றாள் பொன்னுக்கனி. "கண்ணுலதான கத்தி வைக்கப் போறாவ? அதுக்கு மனச எதுக்கு அளக்காவ?"

"மனசு அமைதியா இருந்தா புண்ணு சீக்கிரம் ஆறுமாம்."

"கண்ணு தெரிஞ்சா மனசு தானா அமைதியாவும். இத நான் சொன்னா கேப்பாவளா?"

"கேக்க மாட்டாவ."

பொன்னுக்கனி காலை நீட்டிக்கொண்டாள். பாதத்தில் உப்பு அரித்த வெடிப்புகள் வாய்க்கால்போல் ஓடின. ரப்பர் காலணி போட்டாலும் உப்புத் தண்ணீர் எப்படியோ உள்ளே வந்துவிடும்.

"உங்க ஆபீசுக்கு நான் ஏற்கனவே வந்திருக்கேன் தெரியுமா?" என்றாள். "நீ ஒம்பதாப்பு படிக்கப்ப. கட்டடம் தெறந்த அன்னைக்கி. அளத்துல நாங்க உப்பு வாரிட்டு இருக்கோம், வேன் வந்து நிக்கி. ஒம்பது பொம்பளையள ஏத்திட்டுப் போனாவ. என்னமோ சேவையாம். பெரிய பெரிய ஆளுக எங்க காலக் கழுவிவிடணுமாம்."

"உங்க காலையா?"

"ஆமா. நல்ல தண்ணி. பித்தளச் செம்புல. எனக்குக் கூச்சம்னா கூச்சம். வேண்டாம் சார், அழுக்கா இருக்குன்னு காலை இழுத்துக்கிட்டேன். ஒரு கண்ணாடி போட்டவரு விடமாட்டேங்காரு. கழுவி, தொடச்சி, நாக்காலில உக்காரவச்சி, நெத்தில என்னமோ பட்டையைக் கட்டிட்டு, அவிய எல்லாரும் கீழ தரையில உக்காந்துட்டாவ."

"பெறவு?"

"பெறவு ஒண்ணுமில்ல. உக்காந்திருந்தோம். எதுக்க ஒரு பெரிய காத்தாடி. ஈரக் கால்ல காத்து அடிக்கி." பொன்னுக்கனி நிறுத்தினாள். புரை மூடிய கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டாள். "யாரும் வையல. யாரும் கூப்பிடல. செத்த நேரம் நான்னு ஒருத்தி அங்கன இல்லவே இல்ல மாரி. காத்து மட்டுந்தான் இருந்துச்சி. அப்புறம் ஒரு பொட்டலம் சோறு தந்து வேன்ல கொண்டு விட்டாவ. அரை நாள் வேலை போச்சின்னு கங்காணி வஞ்சான்."

மாரி சிரித்துவிட்டாள். பொன்னுக்கனியும் சிரித்தாள். பிறகு மறுபடியும் முட்டியைக் கையால் அமுக்கி, தீபத்தைத் தேடத் தொடங்கினாள்.

மறுநாள் பத்து மணிக்கு டாக்டர் கனகசபை அறைக்கதவைச் சாத்திவிட்டு ஒரு பெரிய திரையை இயக்கினார்.

"உங்களுக்கு ஏன் காட்டறேன் தெரியுமா?" என்றார். "முன்னாடி இருந்தவங்க யாரும் கேட்கலை. கேட்டிருந்தா காட்டியிருப்பேன். கேட்கவே கூடாதுன்னு அவங்களா ஒரு விதி போட்டுக்கிட்டாங்க. பக்தி அப்படித்தான் வேலை செய்யுது."

திரையில் ஒரு கூடம். வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஒன்பது நாற்காலிகள், ஒன்பது பெண்கள். நெற்றியில் பட்டை. சேலைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு, கழுத்தில் மாலை, ஈரமான பாதங்கள். எதிரே தரையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை உடுத்திய ஒன்பது பேர், அவர்களுக்கும் பட்டை. ஓரத்தில் ஒரு பெரிய மேசை விசிறி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

மாரி ஓர் அடி முன்னால் வந்தாள். மூன்றாவது நாற்காலியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க மரபுல பெரியவர் கீழே, எளியவர் மேலே," என்றார் கனகசபை. "திறப்பு விழா அன்னைக்குப் பாதசேவை. நாட்டுலயே முதிர்ந்த சாதகர்கள் ஒன்பது பேர், இருபது முப்பது வருஷம் அமர்ந்தவங்க, அவங்கதான் தரையில இருக்கிறது. நாற்காலியில இருக்கிறது கூலி வேலைக்காரங்க. ரெண்டு வரிசையையும் பதிவு பண்ணணும். சாதகர் வரிசை நூறு, மத்தவங்க வரிசை பத்து. அப்படித்தான் திட்டம்."

"ம்."

"பதிவு பண்ண வந்த பையன் புனேக்காரன். தமிழ் தெரியாது, எங்க வழக்கமும் தெரியாது. உள்ளே வர்றான். ஒன்பது பேர் நாற்காலியில, மாலையோட. ஒன்பது பேர் அவங்க காலைக் கழுவிட்டுத் தரையில. யாரை ஞானின்னு நினைப்பான்?"

மாரிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"பணிவைக் காட்டப் போயி மாட்டிக்கிட்டீங்க."

"அப்படியும் சொல்லலாம்."

"எப்ப தெரிஞ்சுது சார்?"

"மூணாவது மாசம்."

"மாத்தலையே."

"மாத்திப் பார்த்தோம். தரை வரிசையை நூறா வச்சு, பஸ் ஸ்டாண்டுல இருநூறு பேரை அளந்தோம். எல்லாருக்கும் தொண்ணூறுக்கு மேல. பாக்கெட் அடிச்சுப் பிடிபட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தனுக்குத் தொண்ணூத்தெட்டு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம எவ்வளவு உயர்ந்தவங்கன்னு நினைச்சுக்கிட்டு அமைதியா உட்கார்ந்திருக்கிறது, பாருங்க, எல்லாருக்கும் வருது. எல்லாரும் தொண்ணூறுன்னா வகுப்புக்கு யார் வருவா?"

"வகுப்புல சொல்லிக்குடுக்கிற பயிற்சி யாரோடது?"

"எங்களோடது. சாதகர்களோடது."

"ஆனா மிசின் அளக்கிறது இவங்களை." மாரி திரையைக் காட்டினாள். "அதனாலதான் படிக்கப் படிக்க எண்ணு இறங்குது. இறங்க இறங்க வகுப்பு கூடுது."

"கலங்கிய பிறகு தெளியும்."

"ஒம்பது வருசத்துல எத்தனை பேருக்குத் தெளிஞ்சுது சார்?"

அவர் தேநீரை எடுத்தார். குடிக்கவில்லை.

"என்னை ஏமாத்துக்காரன்னு நினைக்கிறீங்க," என்றார். முதல்முறையாக அவர் குரலில் ஏதோ ஒன்று சத்தம் வரும்படி விழுந்தது. "நான் நம்பறேன் சந்தனா. அந்த ஒன்பது பேர்கிட்ட இருந்தது உண்மையான சரக்கு. அலைகளைப் பார்த்தா உங்களுக்கே தெரியும். 'நான்'ங்கிற சத்தமே இல்லை. தினம் காலைல இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்துட்டுத்தான் நான் உட்காருவேன். முப்பது வருஷமா உட்கார்றேன். என் எண் என்ன தெரியுமா? முப்பத்தெட்டு. என் மனைவிக்குக்கூடத் தெரியாது."

மாரிக்கு அவர்மேல் ஒரு நொடி இரக்கம் வந்தது. அந்த ஒரு நொடியை அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள், பிறகு நியாயம் பேச வசதியாக.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க சார்?"

அவர் தரை வரிசையில் ஒரு கண்ணாடிக்காரரைத் தொட்டார். மூன்றாவது நாற்காலிக்கு நேர் கீழே. பக்கத்தில் பித்தளைச் செம்பு.

"இவங்களைப் பிறகு தேடினீங்களா? யாரு, எங்க இருக்காங்க, என்ன சாப்பிடுதாங்கன்னு?"

"தேடக்கூடாது. தேடிப்போய்ச் சொன்னா அந்த நிலை கலைஞ்சு போயிடும். அவங்க அறியாம இருக்கிறதுதான் அவங்க செல்வம்."

நூறு என்று நாடு முழுக்க விற்றுக்கொண்டு, நூறானவளை வெயிலில் விட்டுவைத்ததற்கு இதைவிட அழகாக ஒரு காரணம் யாராலும் சொல்ல முடியாது என்று மாரி நினைத்தாள். இதைச் சொல்லவாவது இருபது வருடம் தியானம் செய்திருக்க வேண்டும்.

"மூணாவது நாற்காலி எங்கம்மா," என்றாள்.

கனகசபை அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மெல்ல எழுந்தார். அவர் இரண்டு கையையும் கூப்பியதை மாரி எதிர்பார்க்கவில்லை.

"பொன்னுக்கனி," என்றாள் அவள். "வயசு அம்பத்தொண்ணு. நீங்க கழுவினது அவங்க காலைத்தான். வேண்டாம் சார்னு இழுத்தாங்களாம், நீங்க விடலையாம். இப்ப உங்க முகாம்ல முன்னூத்தி பன்னெண்டாவது ஆளு. எண்ணு இருபத்தேழு. நாற்பது நாளு உங்க வகுப்புல தீபத்தைத் தேடுனாங்க."

அவர் கூப்பிய கையை இறக்கினார். பேசியபோது பழைய குரல் திரும்பியிருந்தது.

"நாளைக்கே ஆபரேஷன். முதல் பேர் அம்மாவோடது. எண்ணை நான் பார்த்துக்கறேன், எண்பதுன்னு போட்டுக்கலாம். ரெண்டு கண்ணும், நல்ல லென்ஸ். வீட்டுக்கே வண்டி அனுப்பறேன். அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லாதீங்க, அந்த நிலை..."

"கலைஞ்சிரும்."

"ஆமா. அப்புறம்..." அவர் மேசைமேலிருந்த சான்றுத் திரையை அவள் பக்கம் நகர்த்தினார். "பதினோராவது கட்டம், வழக்கம்போல. நீங்கதான் இப்ப நிஜமாவே பார்த்துட்டீங்களே. பொய்யும் இல்லை."

உண்மைதான். அந்தச் சொல்லை எழுத எட்டு வருடத்தில் தகுதியுள்ள முதல் ஆள் அவள்தான்.

மாரி உட்கார்ந்தாள். இந்த அறையில் அவள் உட்கார்வது இதுவே முதல்முறை. நாற்காலி மெத்தென்று இருந்தது. நேர்காணல் நாள் நினைவுக்கு வந்தது: பேருந்து பழுதாகி நின்றுவிட, நாலு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்து, வியர்வையோடு ஒரு நாற்காலியில் விழுந்தாள், உடனே பட்டையைக் கட்டினார்கள், எழுபத்தொன்று. அது படிப்பால் வந்த எண் இல்லை. அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது அதுதான்போல: உட்காரக் கிடைத்தால் முழுசாக உட்காரத் தெரிவது.

அம்மாவின் கண் ஒரு பக்கம். நாளைக்கே என்கிறார், செய்வார், சொன்னதைச் செய்கிற மனிதர்தான். இன்னொரு பக்கம் ஒரு கட்டம். இருபத்தேழு வாங்கிக்கொண்டு, நான் ஒழுங்காத்தான் செஞ்சேன் என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர்ப்பட்ட சனம் ஒரு பக்கம். நேற்றுக் காலையில் இதே அறையில் நின்று கேட்டாளே, அப்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பார்க்க வேண்டும் என்று கேட்பவள், பார்த்ததை எழுதத்தான் கேட்கிறாள்.

எழுதத் தொடங்கினாள்.

'மூல அளவு ஒன்பது பெண்களிடம் எடுக்கப்பட்டது. ஒன்பது பேரும் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகள். சாதகர் அல்லர், எந்த வகுப்புக்கும் போகாதவர்கள். அரை நாள் உப்பு வாரிய பிறகு, கால் கழுவப்பட்டு, நாற்காலியில், மின்விசிறிக்கு எதிரே, யாரும் ஏசாமல் உட்கார்ந்திருந்த நிலை. மூன்றாவது நாற்காலியில் இருந்த பொன்னுக்கனிக்கு, வகுப்பில் நாற்பது நாள் பயின்ற பிறகு, இதே கருவி காட்டும் எண் இருபத்தேழு. பதிவை நான் நேரில் பார்த்தேன். சந்தனமாரி.'

"நிறைய எழுதறீங்களே," என்றார் கனகசபை. அவர் திரையை அணைத்துக்கொண்டிருந்தார். அணைப்பதற்கு முன் ஒருமுறை அந்த மூன்றாவது நாற்காலியைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்.

"கட்டம் பெருசா இருக்கு சார்."

"நல்லது, நல்லது. அம்மாவைக் காலைல வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க."

"சொல்லுதேன் சார்."

கட்டைவிரலை வைத்தாள். திரை ஒருமுறை பச்சையாகி அடங்கியது. மணி பதினொன்றே முக்கால். கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையைக் கழற்றி, சந்தனா என்ற பெயர் மேலே தெரியும்படி மேசையில் வைத்தாள். அதையும் சத்தம் வராமல் வைத்தாள். இங்கே மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

தாழ்வாரத்தில் செல்வின் அண்ணன் அச்சுப்பொறிக்கு முன்னால் நின்றிருந்தார். தாள் வெளியே வந்துகொண்டிருந்தது. முதல் வரியைப் படித்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஏ பிள்ள."

"ஒட்டிருங்கண்ணே. சட்டப்படி ஒட்டணும்லா."

"எங்க போற?"

"மதுரைக்கு. ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. எங்கம்மாவுக்குத் துணைக்கு ஆளு கெடச்சிட்டு."

அவர் தாளை எடுத்துக்கொண்டார். பிறகு பசை டப்பாவைத் தேடினார்.

கீழே அளவைக் கூடத்தில் முகாமுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வருகிறவர்கள் நிற்க வேண்டும், அளக்கும்போது தரையில் சம்மணமிட வேண்டும். நாற்காலிகள் பாதசேவை நாளுக்கென்று மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. வரிசையில் முதலில் நின்ற பெண்ணுக்குச் சேலைக்கு மேல் ஆண் சட்டை. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. தீபம், தீபம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்போல.

மாரி மேலே இருந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து பட்டைக்குப் பக்கத்தில் போட்டாள். மூலையில் ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியைத் தூக்கி வந்து, தலையைக் கீழே சாய்த்து, அந்தப் பெண்ணின் காலைப் பார்க்கத் திருப்பினாள்.

"உக்காருங்க சித்தி."

"இதுலயா? வைய மாட்டாவளா பிள்ள?"

"மாட்டாவ."

அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். பிறகு முழுசாகச் சாய்ந்தாள்.

"கண்ண மூடணுமா?"

"வேண்டாம். கால மட்டும் நீட்டி வச்சிக்கோங்க," என்றபடி மாரி அவள் நெற்றியில் பட்டையைக் கட்டினாள். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். என்ன எண் வந்தது என்று பார்க்க அவள் நிற்கவில்லை.